டேங்க்கின் கீழ்ப்பாதி

கார்களின் பெட்ரோல் முள்ளை மரியாதையாகப் பொய் சொல்லவைப்பதுதான் பல வருடங்கள் என் தொழிலாக இருந்தது. ஒரகடத்தில் டாஷ்போர்டு மீட்டர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருந்தேன். டேங்க்கை நிரப்பிக்கொண்டு பங்க்கை விட்டு வெளியே வருகிறவர், அடுத்த சிக்னலுக்குள் முள் இறங்குவதைப் பார்த்தால் வண்டி எண்ணெய் குடிக்கிறது என்று புகார் எழுதுவார். அதனால் முதல் சில லிட்டர்கள் தீரும் வரை முள்ளை உச்சியிலேயே தூங்கவிடுவோம். அதே ஆள் நடுரோட்டில் நின்றுபோனால் இன்னும் பெரிய புகார் எழுதுவார். அதனால் முள் அடியைத் தொட்ட பிறகும் டேங்க்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி வைப்போம். இந்த இரண்டு பொய்களுக்கும் நடைமுறை ஆவணம் உண்டு, திருத்த எண் உண்டு, தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று கையெழுத்துகள் உண்டு. வெளிநாட்டுத் தணிக்கையாளர்கள் வந்து அவற்றைப் படித்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஓய்வு பெற்றபோது ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. அந்த ஆவணங்கள் எல்லாம் மனப்பாடமாக என்னுடனேயே வந்துவிட்டன. அவற்றை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு லேஅவுட்டில் எங்கள் வீடு. பக்கத்து மனை காலி. அதன் சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார். வேலிக்காத்தான் அவர் சார்பில் மனையைப் பார்த்துக்கொள்கிறது. அதில் ஓரளவு சுத்தம் செய்து ஒரு வேனை நிறுத்திவைப்பார் எதிர்வீட்டுப் போர்ஷனில் குடியிருந்த டிரைவர். விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களை ஷிப்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேன். தொழிற்சாலைக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு ஒப்பந்த நிறுவனம். அந்த நிறுவனத்தில் இதே போல் நிறைய வேன்கள், இதே போல் நிறைய டிரைவர்கள்.

அவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செல்போனை நீட்டியபடி எங்கள் கேட்டருகே வந்து நின்றார்.

"சார், நீங்க மீட்டர் கம்பெனில பெரிய ஆளா இருந்தீங்களாம்ல. அக்கா சொன்னாங்க."

அக்கா என்றால் என் மனைவி. என்னை விளம்பரம் செய்யும் வேலையை அவள் எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

செல்போனில் ஒரு வரைபடம் இருந்தது. ஒப்பந்த நிறுவனம் எல்லா வேன்களிலும் ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்பதோடு டேங்க்கில் டீசல் எவ்வளவு என்பதையும் அது அலுவலகத்துக்குச் சொல்லும். டேங்க்குக்குள் மிதக்கும் மிதவையிலிருந்து முள்ளுக்குப் போகும் கம்பியில் இன்னொரு கம்பியை ஒட்டவைத்தால் போதும். வரைபடத்தின் கோடு நான்கு நாள் நிதானமாக இறங்கி, ஐந்தாம் நாள் கிணற்றில் விழுந்ததைப் போலச் செங்குத்தாக இறங்கியிருந்தது.

"இதப் பாத்தா உங்களுக்கு என்ன சார் தோணுது?"

"யாரோ டீசலை எடுத்த மாதிரி தோணுது."

"அதத்தான் சார் அவங்களும் சொல்லுதாங்க." அவர் சிரிக்க முயன்றார். "டீசல் மொத்தமா வடிஞ்சா டிரெய்ன் அலர்ட்டுன்னு ஒண்ணு வருது. போன மாசமும் வந்துச்சு, இந்த மாசமும் வந்துச்சு. இன்னொருக்கா வந்தா வண்டிய விட்டு எறக்கிருவோம்னுட்டாங்க. நான் ஒரு சொட்டு எடுக்கல சார். எடுத்தவன் உங்ககிட்ட வந்து படத்தக் காட்டுவானா?"

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் பதினைந்து வருடத்துக்கு மேல் வடநாட்டுக்கு லாரி ஓட்டியவர். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இந்த வேன் வேலை கிடைத்ததும் மனைவியையும் மகளையும் இங்கே கூட்டிவந்துவிட்டார். மகள் பிளஸ் டூ.

"பிள்ள வளந்தது பூராம் போன்லதான் சார் பாத்தேன். இங்க வந்த பொறவுதான் அது தூக்கத்துல பேசும்னே எனக்குத் தெரியும். இந்த வேல போச்சுன்னா திரும்ப லாரிதான். வேற என்ன தெரியும் எனக்கு?"

வேனில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். மாற்றியிருந்தார்கள். வேகத்தடை ஒன்றில் அடி இடித்து டேங்க் ஓட்டையாகிவிட்டதாம். அந்த மாடல் டேங்க் இப்போது வருவதில்லை என்று சொல்லி, ஒப்பந்த நிறுவனமே பழைய சாமான் சந்தையிலிருந்து வேறு ஒரு வண்டியின் டேங்க்கை வாங்கிவந்து மாட்டிவிட்டது. மிதவை மட்டும் பழசு. வாய் அளவு சரியாக இருந்ததால் அப்படியே திருகிவிட்டார்கள்.

குனிந்து பார்த்தேன். குனிவது இப்போதெல்லாம் எனக்குச் சுலபமான காரியம் இல்லை. பார்த்த கணத்தில் விஷயம் புரிந்துவிட்டது. பழைய டேங்க் ஒரு பெட்டி. மேலும் கீழும் ஒரே அகலம். இந்த டேங்க் வாளியைப் போல மேலே அகன்று கீழே குறுகியிருந்தது. மிதவைக்கு உயரம் மட்டும்தான் தெரியும். பாதி உயரத்துக்கு வந்ததும் "பாதி இருக்கிறது" என்று சொல்லும். பெட்டியில் அது உண்மை. வாளியில் அப்போது கால்வாசியை ஒட்டித்தான் இருக்கும். ஆக, அலுவலகக் கணினி பாதி டேங்க் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்க, இருந்த கொஞ்சம் ஒரே நாளில் தீர்ந்துபோகும். கணினி திருடனைத் தேடும். திருடன் அகப்படாவிட்டால் டிரைவர் இருக்கவே இருக்கிறார்.

"சரி பண்ணிடலாம்" என்றேன். நாற்பது வருட உத்தியோகத்தில் இந்த வார்த்தையை நான் இவ்வளவு சீக்கிரம் யாரிடமும் சொன்னதில்லை.

செய்ய வேண்டியது எளிது. டேங்க்கைக் காலி செய்ய வேண்டும். சமதரையில் நிறுத்தி, அளந்த டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அலை அடங்கும் வரை காத்திருந்து, மிதவை என்ன மின்னழுத்தம் காட்டுகிறது என்று மல்டிமீட்டரில் படிக்க வேண்டும். இத்தனை லிட்டருக்கு இத்தனை வோல்ட் என்று ஒரு அட்டவணை கிடைக்கும். அதைக் கணினியில் ஏற்றினால் கோடு ஒழுங்காக இறங்கும். நடுவில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. டேங்க்கைக் காலி செய்தாலே டீசல் திருட்டு என்று அலர்ட் போகும்.

அதற்கும் நடைமுறை உண்டு. நிறுவனத்தின் வண்டிப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இன்ன நாளில், இன்ன காரணத்துக்காக, இன்ன முறையில் என்று விவரித்து முன் அனுமதி கேட்டேன். ஒற்றை வரியில் பதில் வந்தது: அனுமதிக்கப்படுகிறது. அதை அச்செடுத்து வேனின் முன்கண்ணாடியில் ஒட்டச் சொன்னேன். டிரைவர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

அடுத்த ஞாயிறு காலையில் ஆரம்பித்தோம். காலி மனையில் செங்கலும் பலகையும் வைத்து, ரசமட்டம் பார்த்து வேனைச் சமமாக நிறுத்தினேன். டீசலை வடித்துக் கேன்களில் பிடித்தோம். பாதி வடியும்போதே டிரைவரின் போன் அலறியது. அலுவலகத்தில் ஞாயிறு பணியில் இருந்த யாரோ.

"ஆமா சார், டீசல் எறங்குது சார்... நாங்கதான் சார் எறக்குதோம்... இல்ல சார், திருடல சார், பர்மிசன் இருக்கு... கண்ணாடில ஒட்டிருக்கேன் சார்."

அனுமதி கொடுத்தவருக்கும் அலர்ட்டைப் பார்ப்பவருக்கும் இடையில் செய்திப் போக்குவரத்து இல்லை. இதுவும் எனக்குப் பழக்கமானதுதான். போனை வாங்கி அனுமதி மின்னஞ்சலின் தேதியையும் பொருள் வரியையும் படித்துக் காட்டினேன். மறுமுனை "ஓகே சார்" என்றது. இரண்டாவது கேன் நிரம்பும்போது மறுபடி அழைத்து அதையே கேட்டது.

வேடிக்கை பார்க்க ஒருவர் வந்திருந்தார். அதே நிறுவனத்தில் இன்னொரு வேன் ஓட்டும் உள்ளூர்க்காரர்; இவருக்கு டீக்கடைத் தோழர். பைக்கில் உட்கார்ந்தபடியே காலை நீட்டிக்கொண்டு விமர்சனம் செய்தார்.

"இன்னா சார், வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்திக்கினு கீறீங்களா?"

"டேங்க்குல எவ்வளவு புடிக்குதுன்னு பாக்குறோம்."

"அது பங்க்ல போட்டா தெரியாதா? இதுக்கு இன்னாத்துக்கு ஆபரேசன் தியேட்டரு?" பிறகு டிரைவரைப் பார்த்து, "யோவ் கோவில்பட்டி, கொஞ்சம் மேல ஊத்துய்யா, எனக்கும் ஒரு பாட்லு ரொப்பிக்கிறேன். எப்டியும் ஒம்மேலதான் எழுதப் போறானுங்கோ."

"ஒன் வாயில ஊத்துதேன், வாரியா?" என்றார் டிரைவர். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

என் மனைவி மாடியில் துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள். "ஊர்ல ரிட்டயரான மனுஷங்க பேரனுக்குப் பால் ஆத்துவாங்க. எங்க வீட்டுல டேங்க்குக்கு டீசல் ஆத்துறாரு." சொல்லிவிட்டு எல்லோருக்கும் மோர் கொடுத்தனுப்பினாள். மோர் டம்ளரில் டீசல் வாடை அடித்தது. கை எல்லாம் அதுதான்.

ஊற்றுவதும் காத்திருப்பதும் படிப்பதுமாக மதியம் ஆகிவிட்டது. கீழே மின்னழுத்தம் குதித்துக் குதித்து ஏறியது. மேலே போகப் போக நகரவே மாட்டேன் என்றது. நான் எதிர்பார்த்த அதே வளைவு. சரிபார்க்க மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினேன். இரண்டு முறையும் எண்கள் ஒத்துப்போயின. சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது: ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வாய்க்கவில்லை.

அட்டவணையை எடுத்துக்கொண்டு டிரைவரும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் வேன்கள் நிற்கும் திடலுக்குள், ஒரு கண்டெய்னரை அறுத்து ஏசி வைத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். வண்டிப் பொறுப்பாளர் முப்பது வயதைத் தாண்டாத, மிகப் பணிவான மனிதர். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"சார், இவ்ளோ நீட்டா யாருமே குடுத்ததில்ல சார். கருவி போட்ட வெண்டரே இப்படிப் பண்ணல. மாடலுக்கு ஒரு டேபிள்னு ஏதோ போட்டுட்டுப் போய்ட்டாங்க."

"இது இந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். இந்த டேங்க்குக்கு" என்றேன்.

"புரியுது சார், புரியுது."

நான் வண்டி எண்ணையும் டேங்க் மாற்றப்பட்ட விவரத்தையும் குறிப்பு என்று தலைப்பிட்டு அட்டவணைக்குக் கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அவர் அதைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். டிரைவரிடம், "அண்ணா, இனிமே டென்ஷன் இல்ல. நிம்மதியா ஓட்டுங்க" என்றார். திரும்பி வரும் வழியில் டிரைவர் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வண்டியை விட்டார். நான் வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன். விபூதியை எனக்கும் நீட்டினார். பூசிக்கொண்டேன். அட்டவணையில் முருகனுக்கும் பங்கு உண்டு என்றால் அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

கோடு ஒழுங்காக இறங்கியது. மாதக் கடைசி வரை ஒரு அலர்ட்டும் இல்லை. தினமும் மாலையில் அவர் செல்போனை எடுத்துவந்து கோட்டைக் காட்டுவார். சாய்வுதளத்தில் குழந்தை சறுக்குகிற மாதிரி இறங்கியிருக்கும். அவர் மகளும் ஒரு முறை வந்து, இதை வைத்து இயற்பியலில் ஒரு செய்முறை எழுதலாமா என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லாததை எழுதினால் மதிப்பெண் வராது என்று சொன்னேன்.

அதன் பிறகு டிரைவர்களின் வாட்ஸப் குழுவில் நிறுவனம் ஒரு படம் போட்டது. எங்கள் டிரைவரின் புகைப்படம், சுற்றிலும் மலர் வளையம் போல ஏதோ அலங்காரம். உயிரோடு இருப்பவருக்குப் போட்டதுதான். கீழே "இம்மாத நேர்மையான ஓட்டுநர்" என்று எழுதியிருந்ததால் அது தெரிந்தது. அதற்கும் கீழே, டிரெய்ன் அலர்ட் வந்த மற்ற ஓட்டுநர்களின் பெயர்கள். ஏறக்குறைய எல்லோருமே இருந்தார்கள். எல்லோருக்கும் எச்சரிக்கை. எல்லோருக்கும் சம்பளத்தில் பிடித்தம்.

அன்று சாயங்காலம் உள்ளூர்க்கார டிரைவர் எங்கள் கேட்டைத் தட்டினார். பைக்கிலிருந்து இறங்கி வந்திருந்தார் என்பதே எனக்கு முதல் எச்சரிக்கை.

"இன்னா சார் பண்ணி வெச்சிக்கிற நீ?"

அதுவரை அவர் எனக்கு நீங்கள்தான் போட்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"இன்னா ஆச்சா? பங்க்ல ஃபுல் டேங்க் அடிச்சிட்டு அந்தாண்ட திரும்பல, டீசல் பூட்ச்சுன்றான். வண்டில ஒக்காந்துக்கினே எப்டி சார் திருட முடியும்? கேட்டா, புது டேபிளாம், பெரிய என்ஜினியர் போட்டுக் குடுத்ததாம், கரெக்டா காட்டுதாம். கோவில்பட்டிக்காரன் ஒருத்தன்தான் நல்லவனாம், நாங்கல்லாம் களவாணியாம். நாங்க இந்த ஊர்லயே பொறந்தவங்க சார். எங்க நெலத்துலதான் உங்க கம்பெனியே கீது."

எனக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். அவர்கள் என் அட்டவணையை எல்லா வேன்களுக்கும் ஏற்றிவிட்டார்கள். வாளிக்குப் போட்ட அளவு, பெட்டிகளுக்கு. வாளியில் மேற்பகுதிதான் அகலம். அங்கே மிதவை விரல் அகலம் இறங்கினாலே ஏகப்பட்ட டீசல் போனதாக அர்த்தம். மற்ற வேன்களில் நிரப்பிய கையோடு முள் கொஞ்சம் அசைந்ததும், கணினி அதை வாளிக் கணக்கில் பெருக்கி, திருட்டு என்று எழுதியிருக்கிறது. முன்பு டேங்க்கின் கீழ்ப்பாதியில் ஒருவர் திருடனாக இருந்தார். இப்போது மேல்பாதியில் மற்ற எல்லோரும்.

மறுநாள் காலை கண்டெய்னர் திறக்கும் முன்பே போய் நின்றேன். பொறுப்பாளர் அதே பணிவோடு எழுந்து நாற்காலி போட்டார்.

"இந்த ஒரு வண்டிக்கு மட்டும்னு குறிப்பு எழுதியிருந்தேனே?"

"சாஃப்ட்வேர்ல குறிப்பு போட எடம் இல்ல சார். மாடலுக்கு ஒரு மாஸ்டர் டேபிள்தான். அந்த வண்டியும் இதே மாடல்தான். மாஸ்டரை மாத்தினா எல்லாத்துக்கும் மாறும்."

"அப்படியானால் அந்த வண்டியை வேறு மாடலாகப் பதிவு செய்யுங்கள்."

"ஆர்சி புக்ல இதே மாடல்தானே சார் இருக்கு? சிஸ்டத்துல ஒண்ணு, ஆர்சில ஒண்ணுன்னா கம்பெனி ஆடிட்டுல மாட்டிப்போம் சார். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நானே தணிக்கைக்குப் போயிருந்தால் அதைப் பெருங்குறை என்று சிவப்பு மையில் எழுதி, பதினைந்து நாளில் பதில் கேட்டிருப்பேன். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

"சரி, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக அளந்து தருகிறேன். இலவசமாக."

"ஒரு வண்டியையும் ஒரு நாள் நிறுத்த முடியாது சார். மூணு ஷிப்ட்டும் ஓடுது. உங்க ஆளு வண்டிக்கு ஞாயித்துக்கெழம லீவு இருந்துச்சு. மத்ததுக்கு ஞாயிறும் ஓடிக்கினு கீது... சாரி சார், ஓடிட்டு இருக்கு." அலுவலகத் தமிழுக்கு நடுவில் அவர் ஊர் எட்டிப் பார்த்துவிட்டது. "எனக்கு ரெண்டே வழிதான் சார். புது டேபிள் இருந்தா அவங்கல்லாம் மாட்டுவாங்க. பழச போட்டா உங்க ஆளு மாட்டுவாரு."

"மூன்றாவது வழி ஒன்று உண்டு. அலர்ட்டைக் கொஞ்ச நாள் நம்பாமல் இருப்பது."

அவர் என்னை நிஜமான இரக்கத்தோடு பார்த்தார். "அப்பறம் சிஸ்டம் எதுக்கு சார்?"

மாற்றக் கோரிக்கைப் படிவம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அங்கேயே உட்கார்ந்து நிரப்பினேன். பிரச்சினை, மூல காரணம், உடனடி நடவடிக்கை, நிரந்தர நடவடிக்கை. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தை எழுதினேன். அது வெண்டரிடம் போய், அங்கிருந்து அவர்கள் தலைமையகத்துக்குப் போய், திரும்பி வரும் என்றார். எப்போது என்று நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்வாரோ, அதை நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் டிரைவருக்கு நேர்மை நன்றாகவே வாய்த்தது. டீக்கடைக்குப் போனால் "வந்துட்டாருய்யா உத்தமரு, எழுந்து நில்லுங்கடா" என்பார்களாம். நிஜமாகவே எழுந்து போய்விடுவார்களாம். ஒரு நாள் காலையில் சக்கரம் பஞ்சர். திடலில் அத்தனை வேன் நிற்கிறது. ஒருவரும் ஜாக்கி தரவில்லை. பெண்கள் ஆட்டோ பிடித்துப் போய், ஷிப்ட்டுக்குத் தாமதமாகி, உற்பத்தி லைனில் திட்டு வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை இருட்டத் தொடங்கும் நேரம் அவர் எங்கள் கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"பழைய டேபிளையே போடச் சொல்லிட்டு வந்துட்டேன் சார்."

"என்ன சொல்றீங்க? அடுத்த அலர்ட்டுல உங்களை இறக்கிவிட்டுடுவாங்களே."

"ஆமா சார்."

"கோரிக்கை கொடுத்திருக்கேன். கொஞ்ச நாள் பொறுங்க."

"அத்தன பேரு வீட்டுச் சோத்துல கை வச்சாச்சு சார். நான் நல்லவன்னுலாம் இதச் செய்யல. அவனுக கூட நிக்க முடியல. ரோட்டுல நின்னா ஒருத்தன் வரணும்ல சார்? தனியா நல்லவனா இருந்து வண்டி ஓட்ட முடியாது." கேட்டின் கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார். "நீங்க செஞ்சது சரிதான் சார். அதுல ஒரு கொறையும் இல்ல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

பழைய அட்டவணை வந்த பிறகு முதல் முறை கீழ்ப்பாதி தீர்ந்த அன்றே கோடு கிணற்றில் விழுந்தது. அலர்ட் போனது. மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குப் பிடித்தம் நின்றது. நேர்மையான ஓட்டுநர் படத்தைக் குழுவிலிருந்து நீக்கினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

சில நாள் கழித்து உள்ளூர்க்காரர் ரோட்டில் பைக்கை நிறுத்திப் பேசினார். மறுபடி நீங்கள் ஆகியிருந்தேன்.

"பாவம் சார் அவன். நல்லாத்தான் பழகுனான். ஆனா கொஞ்சம் எடுத்துக்கினுதான் இருந்துருப்பான் போல."

"டேங்க்தான் காரணம்னு அன்னைக்கு நீங்களே பக்கத்துல இருந்து பாத்தீங்களே?"

"பாத்தேன் சார், இல்லன்னு சொல்லல. ஆனா எங்களுக்கெல்லாம் இப்ப அலர்ட் வர்ல பாருங்க. அவனுக்கு மட்டும் வந்துச்சே? கம்ப்யூட்டருக்கு இன்னா சார், அவன்மேல கோவமா?"

அவருக்கு நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். வாளி, பெட்டி, மிதவை. கவனமாகத்தான் கேட்டார். பாதியில் விடுதிப் பெண்களை ஏற்ற நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

டிரைவருக்கு வேலை கிடைக்கத் தாமதமாகவில்லை. ஒரகடத்துப் பக்கம் லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு வேலையில்லை என்ற பேச்சே கிடையாது. புதுக் கார்களை அடுக்கி வடக்கே கொண்டுபோகும் நீள ட்ரெய்லர். ஒரு நடை போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வந்ததும் அடுத்த நடை. மகளின் பரீட்சை முடியும்வரை குடும்பம் இங்கேயே இருக்கும் என்று முடிவானது. போகும் அன்று, அவர் மனைவி வாசலில் நின்றார். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள்; பொதுத்தேர்வு வகுப்பு, விடுப்பு கிடையாது.

வெகுநாள் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் மாற்றக் கோரிக்கைக்குப் பதில். முறைப்படி எண் போட்டு, வரிசை போட்டு, பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. காரணம்: சம்பந்தப்பட்ட ஓட்டுநர் தற்போது பணியில் இல்லை. எங்கள் சேவையை மதிப்பிட ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றைத் தேர்வு செய்யவும்."

அவருக்குப் போன் செய்தேன். நாக்பூரைத் தாண்டி எங்கோ இருந்தார். பின்னால் லாரிகளின் ஹாரன். படித்துக் காட்டினேன்.

"முடிச்சுட்டாங்களா சார்? நல்லது." சிரித்தார். பிறகு, "வீட்டுப் பக்கம் போனீங்களா சார்? பிள்ள ஒழுங்கா சாப்பிடுதாளா? போன்ல கேட்டா சாப்புட்டேன்னுதான் சொல்லுவா."

"போனேன். நல்லா இருக்கா" என்றேன்.

போனை வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அப்போது ஒரு கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வீட்டில் அந்தப் பெண் மட்டும்தான். மேஜை விளக்கை எரியவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகவே, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன் அங்கிள்" என்றாள், தலை நிமிராமல்.

அடுப்படிப் பக்கம் விளக்கு எரியவில்லை. பக்கத்தைப் புரட்டினாள். நான் திரும்பி வந்தேன்.